கொரியாவுக்குப் போகும் அப்பாவுக்கும் கைக்குழந்தை உண்டு

உலகில் இன்று குழந்தைக்காக மிக அதிகம் ஏங்கும் நாடு தென் கொரியாதான். ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரி அங்கே 2023ஆம் ஆண்டு 0.72 வரை இறங்கியது. மக்கள்தொகை தேயாமல் இருக்க அது 2.1 ஆக இருக்க வேண்டும். 2024இல் 0.75 ஆனபோது, ஒன்பது ஆண்டுகளில் முதல் தடவையாகக் கூடியிருக்கிறதே என்று அந்நாட்டு அரசாங்கம் ஆறுதல் பட்டுக்கொண்டது. அதனால்தான் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அங்கே அள்ளிக் கொடுக்கிறார்கள். முதற்பிள்ளை பிறந்ததும் 20 லட்சம் வொன், அடுத்தடுத்த பிள்ளைகளுக்குத் தலா 30 லட்சம். முதல் ஓராண்டுக்கு மாதம் 10 லட்சம் வொன், இரண்டாம் ஆண்டில் மாதம் 5 லட்சம். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கான கட்டணத்தை, பெற்றோரின் வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அரசே ஏற்கிறது. தாய்க்கு 90 நாள் பிரசவ விடுமுறை, 2025 பெப்ரவரி முதல் தந்தைக்கு 20 நாள். அதற்குப் பிறகும் இருவரும் பிள்ளை வளர்ப்புக்கென்று தலா ஓராண்டு, சில நிபந்தனைகளோடு ஒன்றரை ஆண்டு வரை, வேலையை இழக்காமல் வீட்டில் இருக்கலாம். குழந்தையின் நூறாம் நாளை விழாவாகக் கொண்டாடும் சமூகம் அது. முதலாம் பிறந்தநாளில் பிள்ளையின் முன்னால் நூல், பணம், எழுதுகோல் என்று பரப்பிவைத்து, எதை எடுக்கிறது என்று சுற்றி நின்று பார்ப்பார்கள்.

அதே நாட்டில், அன்சானிலோ கிம்ஹேயிலோ ஒரு பட்டறையில் இரும்பு ஒட்டிக்கொண்டிருக்கும் இலங்கைத் தொழிலாளிக்கு ஊரில் ஒரு குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தை கொரியாவின் எந்தக் கணக்கிலும் வராது. 2004இல் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ், மொழிப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்து, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாகப் போகிறவர்களுக்கு ஈ-9 எனும் விசா கிடைக்கிறது. அந்த விசாவில் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள முடியாது. முதலில் மூன்று ஆண்டு, பிறகு நீடிப்பு, எல்லாமாக 4 ஆண்டும் 10 மாதமும். ஐந்து முழு ஆண்டு என்றால் நிரந்தர வதிவிடம் கேட்க வழி பிறந்துவிடும் என்பதால்தான் இரண்டு மாதத்தைக் கிள்ளி எடுத்திருக்கிறார்கள். தொழில் வழங்குநருக்குப் பிடித்தவராக இருந்தால், நாடு திரும்பி ஒரு சிறு இடைவெளிக்குப் பிறகு இன்னொரு 4 ஆண்டு 10 மாதத்துக்குப் போகலாம். போன வருடம் பிறந்த பிள்ளை, அப்பா இரண்டு தவணையையும் முடித்துக்கொண்டு வரும்போது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டு வேலைக்கு அதிகம் பேரை அனுப்பும் மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை என்று எந்தப் பக்கம் போனாலும், வளைகுடாவிலோ கொரியாவிலோ ஒருவர் இருக்கும் வீடு கண்ணில் படாமல் போகாது. ஏன் போகிறார்கள் என்று கேட்கவே தேவையில்லை. கொரியாவில் 2025ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10,030 வொன். மேலதிக நேரம் சேர்க்காமலே மாதம் சுமார் 21 லட்சம் வொன், எங்கள் காசில் நான்கு லட்சம் ரூபாவைத் தாண்டும். தேயிலைத் தோட்டத்தில் 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும் 33,750தான். அதன் பின் கூட்டியதையெல்லாம் சேர்த்தாலும் கொரியச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் நிற்கும். இந்த இடைவெளியைப் பார்த்த எவரும் போகிறவரைக் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. என் வழக்கு போகிறவரோடு அல்ல, அனுப்புகிற அரசோடும் எடுக்கிற அரசோடும். குழந்தை பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளில் தந்தை வீட்டோடு இருக்கும் நாட்களும் தொழில் உடன்படிக்கையில் எழுதப்பட வேண்டிய விடயம். அப்படி எழுதச் சொல்லிக் கேட்கும் தகுதியைப் பெற வேண்டுமானால், எங்கள் சொந்தச் சட்டத்தில் முதலில் அதை எழுத வேண்டும்.

கண்டி மலைகளுக்கு இந்தப் பிரச்சினை புதியதல்ல. 1830களில் தொடங்கி 1880கள் வரை நீடித்த கோப்பிக் காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, கண்டியைச் சுற்றிய மலைகளில் பழம் பறித்து, பருவம் முடிந்ததும் வந்த வழியே திரும்பினார்கள். வழியிலேயே செத்து விழுந்தவர்களும் ஏராளம். துரைமாருக்கு வேண்டியிருந்தது கை மட்டும்தான், குடும்பம் வீண் செலவு. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருடம் முழுக்கக் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும், பெண்ணின் கை வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக ஆள் கட்டினார்கள், லயம் போட்டார்கள். தாய் மலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி அப்போதுதான் தோட்டக் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைந்தது. அதற்கு விடையாக வந்ததுதான் பிள்ளைக் காம்பரா. வெள்ளைக்காரத் துரைக்கு இரக்கம் வந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் கொழுந்து வராது என்பது அவருக்குப் புரிந்தது, அவ்வளவுதான். கொரியாவின் ஈ-9 முறையை இந்த வரலாற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அது தேயிலைக் காலத்தைக் கூட எட்டவில்லை. ஆளை மட்டும் எடு, குடும்பத்தை ஊரில் விடு, தவணை முடிந்ததும் திருப்பி அனுப்பு என்பது அசல் கோப்பிக் காலத்து முறை. விமானச் சீட்டும் கணினிப் பரீட்சையும் மட்டும் புதிது.

பிள்ளைக் காம்பராவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாட்டில் பெரும்பாலான தொழிலாளருக்கு இல்லாத ஒன்று இந்த மலைகளில் உள்ள தாய்க்கு இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். புசல்லாவையிலோ கலஹாவிலோ தெல்தோட்டையிலோ, காலையில் பிரட்டுக்குப் போகுமுன் பிள்ளையை ஆயம்மாவிடம் விட்டுவிட்டு, இடையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும் ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இன்றும் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தாய்க்கு நாளில் இரண்டு பாலூட்டும் இடைவேளை தருகிறது. பராமரிப்பு நிலையம் இருந்தால் தலா அரை மணி, இல்லாவிட்டால் தலா ஒரு மணி. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபின் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் இந்த நிலையங்களைக் கவனித்து வருகிறது. இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை மாறி, பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களும் வந்திருக்கிறார்கள். குறை இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப் பகுதியில் 32 வீதம் என்றது. கூரையும் ஆயம்மாவும் இருந்தால் மட்டும் பிள்ளை வளர்ந்துவிடாது. இருந்தாலும் ஒரு கொள்கை நிலைபெற்றது: உழைப்பை எடுப்பவர் பிள்ளைக்கும் பொறுப்பு. கண்டி நகரத்துச் சந்தையிலும் கடைகளிலும் பல்லேகலை ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலைசெய்யும் பெண்களுக்கு அந்தக் கொள்கை முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பது தனியாக எழுத வேண்டிய கதை. நான் இங்கே கவனிப்பது வேறு. இந்த ஏற்பாடுகளில் எல்லாம் தந்தை என்ற ஒருவர் எங்கும் வருவதே இல்லை.

இந்த மறதி சட்டத்தோடு நின்றுவிடவில்லை, வெளிநாட்டு வேலை விதிகளுக்குள்ளும் அப்படியே ஏறிவிட்டது. 2013இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறையைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போகக் கூடாது, அதைவிட மூத்த பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று பிரதேச செயலக உத்தியோகத்தருக்குக் காட்ட வேண்டும். டொலர் பஞ்சம் வந்த 2022இல் அந்த ஐந்து வயது இரண்டு வயதாக இறங்கியது. பிள்ளையின் தேவை மூன்று ஆண்டு குறைந்துவிட்டதாக எந்த வைத்தியரும் சொல்லவில்லை, திறைசேரிதான் சொல்லியது. அதையும் விடுவோம். இந்த அறிக்கை ஆண்களிடம் ஒருபோதும் கேட்கப்பட்டதில்லை. பிறந்து பத்து நாளான பிள்ளையை விட்டுவிட்டு ஒரு தந்தை கொரியாவுக்கு விமானம் ஏறலாம், எந்த உத்தியோகத்தரும் எதுவும் கேட்க மாட்டார். தாயைத் தடுப்பது அவளை நம்பாததால், தந்தையைத் தடுக்காதது அவரைத் தேவையில்லை என்று கருதுவதால். இரண்டுமே பிள்ளையைப் பற்றிய அக்கறையில் எழுந்த விதிகள் அல்ல. தந்தையரையும் தடுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. தடை போட்டால் முகவர்களின் கள்ள வழிதான் அகலமாகும், பெண்கள் விடயத்தில் அதைப் பார்த்துவிட்டோம். தாயிடம் கேட்ட கேள்வியில் ஒரு நியாயம் இருந்ததென்றால், அது தந்தைக்கும் ஒரு உரிமையாகத் திரும்பி வர வேண்டும் என்பதே என் வாதம்.

தந்தையின் நேரம் உண்மையில் அவ்வளவு முக்கியமா, பணம் வந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்குக் கொரியாவே நல்ல பதில். குறைந்த பிறப்புவீதத்தைச் சமாளிக்க 2005இல் தனிச் சட்டம் இயற்றி, 2006 முதல் 200 லட்சம் கோடி வொன்னுக்கு மேல் கொட்டிய நாடு அது. பணம் கூடக் கூடப் பிறப்பு குறைந்துகொண்டே போனது. காரணம் தேடிய கொரியர்களே கடைசியில் வந்து நின்ற இடங்களில் ஒன்று அப்பாக்களின் வேலைநேரம். நள்ளிரவு வரை அலுவலகத்தில் இருக்கும் கணவனோடு பிள்ளை பெற்றுக்கொள்ள இளம்பெண்கள் விரும்பவில்லை. வேலை, வீடு, பிள்ளை மூன்றும் தன் தலையில்தான் விழும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அண்மைய ஆண்டுகளில் சட்டம் தந்தையின் பக்கம் திரும்பியிருப்பது அதனால்தான். தாயும் தந்தையும் இருவருமே விடுமுறை எடுத்தால் முதல் ஆறு மாதத்துக்குக் கொடுப்பனவு கூடும் திட்டம் 2024இல் வந்தது. பத்து நாளாக இருந்த தந்தையின் பிரசவகால விடுமுறை இரட்டிப்பானது. 2024இல் பிள்ளை வளர்ப்பு விடுமுறை எடுத்தவர்களில் 31.6 வீதத்தினர் ஆண்கள், முப்பது வீதத்தைத் தாண்டியது அதுவே முதல் தடவை. 2024இல் தொடங்கிய சிறு ஏற்றத்துக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கொரோனாவால் தள்ளிப்போன கலியாணங்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் தன் குடிமக்கள் விடயத்தில் பணத்தை விட நேரம் பெரிது என்று பெரும் பணம் கொடுத்துப் படித்த ஒரு நாடு, அந்தப் பாடத்தை ஈ-9 விசாக்காரரின் வாசலில் மறந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்திலும் ஆதாரம் இருக்கிறது. வெளிநாடு போனவர்களின் பிள்ளைகளைப் பற்றி இலங்கையில் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்று, அவர்களில் ஐந்தில் இருவரிடம் மனநலச் சிக்கலின் அறிகுறிகளைக் கண்டது. அதில் தாய் போன வீடும் உண்டு, தந்தை போன வீடும் உண்டு. வறுமையின் பங்கு எவ்வளவு, பிரிவின் பங்கு எவ்வளவு என்று தராசில் நிறுத்துச் சொல்வது கடினம். அதனால் அந்த எண்ணை வைத்து எவரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை. அதைவிட அன்றாடத்தில் தெரிவதே போதும். இலங்கையில் பிரசவித்த தாயின் வீட்டுப் படியேறிக் குடும்பநல மருத்துவிச்சி வருகிறார், பிள்ளையின் நிறையைப் பதிவேட்டில் குறிக்கிறார், கிளினிக் திகதியைச் சொல்கிறார். திரிபோஷவும் உண்டு. கொரியாவில் பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரம் தங்கும் பராமரிப்பு இல்லத்துக்குப் பல லட்சம் வொன் கட்டுகிறவர்களுக்குக் கூட, வீடு தேடி வரும் இந்த மருத்துவிச்சி எங்களைப் போல வழமையாகக் கிடைப்பதில்லை. இந்த ஒரு விடயத்தில் நாங்கள் தாழ்ந்தவர்கள் அல்ல. ஆனால் மருத்துவிச்சி போனபின் இரவு இருக்கிறது. இரவில் காய்ச்சல் கண்டால் ஹந்தானை மேட்டிலிருந்தோ ரங்கலைப் பக்கத்திலிருந்தோ முச்சக்கர வண்டி பிடித்துப் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுவர ஒரு ஆள் வேண்டும். தாய்க்கு மனம் சோர்ந்தால், அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் கணவர். பாட்டி இருக்கிறாரே என்பார்கள். தோட்டத்துப் பாட்டிமாரில் பலர் இன்னமும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் அப்பா முகம் தெரிகிறது என்பது உண்மை. குழந்தையைக் குளிப்பாட்ட அது உதவாது.

அப்படியானால் குடும்பத்தையே கொரியாவுக்கு அழைக்க உரிமை கேட்கலாமே என்ற கேள்வி வரும். கொள்கையளவில் அதுவே முழு நீதி. புலம்பெயர் தொழிலாளரின் குடும்பங்கள் பிரிக்கப்படக் கூடாது என்று வாதாடும் அமைப்புகள் கொரியாவிலேயே இருக்கின்றன. ஒரு வழியும் திறந்திருக்கிறது. சில ஆண்டு வேலைசெய்து, மொழியறிவும் வருமானமும் காட்டினால் ஈ-7-4 எனும் திறன்சார் விசாவுக்கு மாறலாம், அதில் மனைவியையும் பிள்ளையையும் அழைக்கலாம். 2022இல் 2,000 பேருக்கு இருந்த அந்த ஒதுக்கீட்டை 2023இல் 35,000 ஆக்கினார்கள். இப்படிப் போய்ச் சேரும் குடும்பத்தின் அன்றாடம் எப்படி இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். தங்கி வாழும் விசாவில் வந்த மனைவி பொதுவாக வேலைசெய்ய முடியாது. மாதம் 10 லட்சம் வொன்னும் இலவசப் பராமரிப்பும் கொரியக் குடியுரிமை உள்ள பிள்ளைக்குத்தான். வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பராமரிப்பு நிலையக் கட்டணத்தைப் பெற்றோரே கட்ட வேண்டும், அன்சான் போன்ற சில நகர நிர்வாகங்கள் மட்டும் தம் கையிலிருந்து கொஞ்சம் உதவுகின்றன. 2024 யூலையில் வந்த புதிய பிறப்பு அறிவித்தல் முறையும் கொரியப் பிள்ளைகளை மட்டும்தான் எண்ணுகிறது. வேலைத்தளத் தங்குமிடங்களின் லட்சணம் தெரிந்ததே. 2020 டிசெம்பர்க் குளிரில் போச்சோன் என்ற இடத்தில், பண்ணையின் பொலித்தீன் கூடாரத்துக்குள் போடப்பட்ட தங்குமிடத்தில் ஒரு கம்போடியப் பெண் தொழிலாளி இறந்து கிடந்தார். அம்மாதிரி இடத்தில் கைக்குழந்தையை வைத்து யார் வளர்ப்பது? சொந்த நாட்டுப் பிள்ளைகளையே உள்ளே விடாத உணவகங்கள் அங்கே இருக்கின்றன, ஜெஜு தீவில் ஒன்றைப் பாகுபாடு என்று அந்நாட்டு மனித உரிமை ஆணைக்குழு 2017இல் தீர்மானித்தது. ஆகவே அழைக்கும் உரிமை வேண்டியவருக்கு அந்தக் கதவு திறந்திருக்கட்டும். பெரும்பாலானவர்களுக்கு உடனே பயன்படுவது தந்தை ஊருக்கு வந்து போகும் உரிமைதான்.

அது இப்போது இல்லையா என்றால், தாளில் பாதி இருக்கிறது. கொரியத் தொழிற்சட்டம் தேசியத்தைப் பார்த்துத் தொழிலாளரிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. தந்தைக்குரிய 20 நாள் விடுமுறையிலிருந்து வெளிநாட்டவரை அது விலக்கவில்லை. ஆனால் அந்த 20 நாளும் பிள்ளை பக்கத்தில் இருக்கும் தந்தையை மனதில் வைத்து எழுதியவை. கொழும்புக்குப் போய்வரச் சீட்டுக்கு யார் காசு? கட்டுநாயக்கவில் இறங்கிக் கண்டிக்கு வந்து திரும்பும் நாட்கள் யார் கணக்கு? ஊரில் இருக்கும் நாளெல்லாம் 4 ஆண்டு 10 மாதக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதலாளியின் சம்மதமின்றி வேலை மாற முடியாத ஒருவர், அதே முதலாளியிடம் போய் இருபது நாள் கேட்கத் துணிவாரா? ஐந்து பேருக்குக் குறைவாக வேலைசெய்யும் பட்டறைகளுக்கு வருடாந்தச் சம்பள விடுமுறை விதி பொருந்தாது. விவசாயத்துக்கும் மீன்பிடிக்கும் வேலைநேர விதிகளே பொருந்தாது. எங்கள் பையன்கள் பலர் இருப்பது இத்தகைய இடங்களில்தான்.

கூடக் கேட்டால் கொரியா நேபாளத்திடமும் வியட்நாமிடமும் ஆள் எடுத்துவிடும் என்பது பணியகத்தின் பக்கத்திலிருந்து வரக்கூடிய பலமான ஆட்சேபம். உண்மையில்லாத பயமல்ல, ஆள் அனுப்பும் நாடுகள் பதினாறுக்கு மேல் வரிசையில் நிற்கின்றன. ஆனால் அந்த வரிசை இரு பக்கமும் பேசும். 2024க்குக் கொரியா அறிவித்த ஈ-9 ஒதுக்கீடு 165,000, அதுவரை இருந்ததில் மிக அதிகம். 2025க்கு 130,000. பிள்ளைகள் பிறக்காத நாட்டில் இந்தத் தேவை வருடத்துக்கு வருடம் மேலே கீழே ஆடலாம், இல்லாமல் போகாது. கைக்குழந்தை பார்க்கவே ஆள் இல்லாமல், 2024இல் சியோல் நகரம் பிலிப்பைன்ஸிலிருந்து 100 பராமரிப்பாளர் பெண்களை வரவழைத்து வீடுகளில் வேலைக்கு அமர்த்திப் பார்த்தது. அவர்கள் வந்ததும் குடும்பத்தை அழைக்க இடம்தராத இதே ஈ-9 விசாவில்தான். கொரியாவின் பிள்ளையைத் தாலாட்டப் போகிறவர் தன் பிள்ளையை ஊரில் விட்டுவிட வேண்டும் என்ற ஏற்பாடு மணிலாவுக்கும் சுடுகிறது, காத்மாண்டுக்கும் சுடுகிறது. இந்த நாடுகள் தனித்தனியே சலுகை கேட்காமல் ஒரே குரலில் ஒரு சிறு விதியைக் கேட்டால், எங்களைத் தள்ளிவிட்டு அவர்களிடம் போக வழியிருக்காது. மேலும் கேட்பது சிறிய விடயம். சம்பளத்தைக் கூட்டச் சொல்லவில்லை, ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லவில்லை. வீட்டில் பிள்ளை பிறந்த தொழிலாளி மனம் அலைபாயாமல் வேலைசெய்தால், தவணை நடுவில் சொல்லாமல் வேலைத்தளத்தை விட்டு ஓடுவதும் குறையும், அது கொரிய முதலாளிக்கும் இலாபம்.

எனக்குப் பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் வேறொன்று. நீங்கள் உங்கள் நாட்டில் தந்தைக்கு எத்தனை நாள் கொடுக்கிறீர்கள் என்று கொரிய அதிகாரி திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? அரச ஊழியராக இருந்தால் மூன்று நாள். தனியார் துறை என்றால் சட்டப்படி எதுவும் இல்லை. பெண்களின் பிரசவ விடுமுறையில் கூட, மூன்றாம் பிள்ளைக்குப் பாதியாக இருந்ததை மாற்றி எல்லாப் பிள்ளைக்கும் 84 நாள் என்று தனியார் துறையில் சமப்படுத்த 2018 வரை காத்திருந்தோம். அப்போதும் தந்தையைப் பற்றி ஒரு வரி சேர்க்க எவருக்கும் தோன்றவில்லை. கண்டி நகரத்தில் கடையில் நிற்கும் இளைஞர், கம்பளையில் பஸ் ஓட்டுபவர், கொழும்பில் ஹோட்டலில் வேலைசெய்து மாதம் ஒருமுறை நாவலப்பிட்டிக்கு ரயில் ஏறும் தோட்டத்துப் பையன், இவர்களில் யாருக்கும் பிள்ளை பிறந்த அன்று சம்பளம் வெட்டாத விடுமுறை கேட்க உரிமையில்லை. சிறு முதலாளிகளால் தாங்க முடியாது என்பார்கள். அது நியாயமான கவலைதான். அதனால் விடுமுறைச் சம்பளத்தை முதலாளியின் தலையில் மட்டும் கட்டாமல், ஊழியர் நம்பிக்கை நிதியம் போன்ற பொது நிதியொன்றிலிருந்து கொடுக்கும் வழியைத் தேடலாம். கொரியாவிலும் சிறு நிறுவனங்களின் தந்தையர் விடுமுறைச் செலவில் தொழில் காப்புறுதி நிதி பங்கேற்கிறது. எங்கள் நாட்டிலும் பிறப்புகள் 2019இல் மூன்று லட்சத்துக்கு மேலிருந்து 2023இல் இரண்டரை லட்சத்துக்குக் கீழ் வந்துவிட்டன. கொரியா இருபது வருடம் பிந்திப் படித்த பாடத்தை நாமும் அதே அளவு பிந்தித்தான் படிக்க வேண்டும் என்று சட்டமில்லை.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். தனியார் துறைத் தந்தைக்குச் சம்பளத்தோடு கூடிய பிரசவகால விடுமுறையைப் பாராளுமன்றம் முதலில் சட்டமாக்க வேண்டும். பத்து நாளில் தொடங்கினாலும் பரவாயில்லை. அதன்பின் கொரியாவோடுள்ள உடன்படிக்கை அடுத்த தடவை புதுப்பிக்கப்படும்போது, பிள்ளை பிறந்த ஆறு மாதத்துக்குள் தொழிலாளி ஒரு தடவை ஊர் வந்துபோகலாம், அந்த நாட்கள் அவருடைய 4 ஆண்டு 10 மாதத்தில் கழியாது, அதற்காக அவருடைய இடம் பறிபோகாது என்று எழுதிக் கேட்க வேண்டும். அதற்கான விமானச் சீட்டுகளின் செலவை, தொழிலாளர் கட்டும் பதிவுக் கட்டணத்தில் இயங்கும் பணியகம் தாங்கும். தாயின் பின்னணியைத் துருவ நியமித்த பிரதேச செயலக உத்தியோகத்தர்கள் அங்கேயே இருக்கிறார்கள். தந்தை புறப்படுமுன் வீட்டில் கைக்குழந்தை உண்டா, அல்லது கர்ப்பிணி மனைவி இருக்கிறாரா என்று கேட்டு, அந்தப் பகுதி மருத்துவிச்சிக்குத் தகவல் கொடுப்பதற்குப் புதிய பதவி எதுவும் தேவையில்லை. தோட்டமென்றால் பிள்ளைக் காம்பராவில் அந்தப் பிள்ளைக்கு, தாய் தோட்டத்தில் பேர் பதியாதவராக இருந்தாலும், ஒரு இடம் கொடுக்கச் சொல்லலாம். உடன்படிக்கைத் திருத்தத்தைத் தவிர இவற்றில் எதற்கும் கொரியாவின் அனுமதி வேண்டியதில்லை. கண்டி மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த அமர்வில் தொழில் அமைச்சரிடம் ஒரேயொரு கேள்வியாவது எழுப்ப வேண்டும்: தனியார் துறையில் வேலைசெய்யும் தந்தைக்குப் பிரசவகால விடுமுறை தரும் சட்டமூலம் எப்போது சபைக்கு வரும்?